கடனும் காலமும்: 'ஷல்' என்னும் ஆங்கிலச் சொல்

அருஞ்சொற்களுக்குப் பொருள் காண்டல் எளிது. எளிய சொற்களுக்குப் பொருள் காண்டலே அரிது. அருஞ்சொல்லைக் காணும் மாணாக்கன் உடனே ஐயுறுகின்றான். ஐயம் அவனை அகராதியிடத்துச் செலுத்துகின்றது. நாளும் பயிலும் சொல்லையோ எவரும் ஐயுறுவதில்லை. ஐயம் எழாமையினாலே அதன்கண் பிழை புகுந்தாலும் அது புலனாவதில்லை. ஆங்கில மொழியிலே இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக நிற்பது 'ஷல்' என்னும் சிறு துணைவினையாகும். இலங்கையிலே ஆங்கில இலக்கணம் பயின்ற பல தலைமுறை மாணாக்கர், 'தன்மைக்கு ஷல், ஏனையவற்றிற்கு வில்' என மனனஞ்செய்து, அதனை எதிர்காலம் உணர்த்தும் ஓர் உறுப்பென்ற அளவிலே அமைந்தனர். ஆயினும் இவ்வொரு சொல்லின் பொருளைப் பற்றிக்கொண்டு நீதிமன்றங்களில் வழக்குகள் நிகழ்ந்துள்ளன. உலக நாடுகளின் உடன்படிக்கை ஒன்று கைகூடுமோ கைநழுவுமோ என்னும் நிலையும் ஏற்பட்டுள்ளது. அச்சொல்லின் பிறப்பும் வளர்ச்சியும் வழக்கும் இவண் ஆராயப்படும்.

முதற்கண் அதன் பிறப்பு நோக்கற்பாலது. பழைய ஆங்கிலத்தில் இவ்வினை எதிர்காலத்தைக் குறித்ததன்று. 'கடன்பட்டிருத்தல்' என்பதே அதன் முதற்பொருள். பொருட்கடன் ஒருவனுக்கு இறுக்கவேண்டியிருத்தல், அதன்வழிச் செய்கடன் ஒன்று தன்மேல் இருத்தல் என அப்பொருள் விரிந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மேலைச் சாக்சன் நற்செய்தி மொழிபெயர்ப்பிலே, முறைதவறிய கண்காணிப்பாளன் தன் தலைவனின் கடனாளிகளை நோக்கி, அவர் இறுக்கவேண்டிய கடன் எவ்வளவென வினவும் இடத்தில் இவ்வினையே ஆளப்பட்டுள்ளது. ஆங்கிலத்துக்கு இனமாகிய ஜேர்மன் மொழியிலே கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் 'ஷுல்ட்' என்னும் பெயர்ச்சொல்லும், கடப்பாட்டை உணர்த்தும் 'சொல்லன்' என்னும் வினைச்சொல்லும் இதனோடு ஒருவழிப் பிறந்தனவே. 'வில்' என்பதோ விருப்பத்தைக் குறித்தெழுந்த சொல். ஆகவே, ஒன்று கடனிற் பிறந்தது. மற்றையது விருப்பிற் பிறந்தது. இவ்விரண்டின் வேறுபாடும் இப்பிறப்பு வேறுபாட்டிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

தமிழ் அறிந்தார்க்கு இப்பொருள் வளர்ச்சி புதுமையானதன்று. கடன், கடமை, கடப்பாடு, கடவன் என்பன ஒரு குடும்பத்துச் சொற்கள். கைம்மாற்றாகப் பெற்ற பொருளைக் குறிக்குஞ் சொல்லே செய்யவேண்டிய முறைமையையும் குறிக்கின்றது. 'அவன் வரக்கடவன்', 'அது நிகழக்கடவது' என்னும் வழக்குகளிலே அக்கடன், ஆணையாகவும் சாபமாகவும் வாழ்த்தாகவும் விதியாகவும் உருப்பெறுகின்றது. ஆங்கிலத்தின் 'ஷல்' என்பதற்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் யாதென வினவுவார்க்கு, எதிர்கால இடைநிலைகளைக் காட்டிலும் 'கடவது' என்பதைக் காட்டுதலே பொருத்தமுடைத்து.

கடனைக் குறித்த இச்சொல் காலத்தைக் குறிக்கத் தொடங்கியது எவ்வாறு? பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கெனத் தனி வினைவடிவம் இருந்ததில்லை. நிகழ்கால வடிவமே எதிர்வையும் உணர்த்தியது. இலத்தீன் மொழியிலோ எதிர்காலத்துக்குத் தனி வடிவங்கள் உண்டு. இலத்தீன் நூல்களை ஆங்கிலமாக்கப் புகுந்தோர்க்கு அவ்வடிவங்களுக்கு ஈடாக ஒன்று வேண்டியிருந்தது. செய்யவேண்டிய கடன் என்பது இனிமேற் செய்யப்படுவது. ஆதலின் கடன் உணர்த்துஞ் சொல்லுக்குள்ளே எதிர்காலக் குறிப்பு இயல்பாகவே அமைந்திருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிஃப் என்பாரைச் சார்ந்தோர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பிலே இலத்தீன் எதிர்காலத்துக்கு 'ஷல்' பெரும்பாலும் வழங்கப்பட்டது. 1611 ஆம் ஆண்டில் வெளியான ஆங்கில விவிலியத்திலே பத்துக் கட்டளைகளுட் பெரும்பாலானவை இச்சொல்லின் முன்னிலை வடிவத்தாலேயே விலக்கும் விதியும் கூறின. இவ்வாறு, எதிர்வுகூறலும் ஆணையும் ஒரே சொல்லில் உறைந்தன. இனி நிகழும் என்பதும் இனி நிகழ்ந்தே தீரவேண்டும் என்பதும் ஓருருவாய் நின்றன. பிற்காலத்து எழுந்த மயக்கங்களுக்கெல்லாம் வித்து இதுவே.

பதினேழாம் நூற்றாண்டிலே இம்மயக்கத்தை வரையறைப்படுத்த முயன்றவர் யோன் வாலிஸ் என்பவர். அவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் வடிவகணிதப் பேராசிரியராய் விளங்கியவர். முடிவிலியைக் குறிக்கக் கணித நூலார் இன்றும் வழங்கும் குறியீட்டை 1655 இல் முதன்முதல் ஆண்டவரும் அவரே. அவர் 1653 இல் ஆங்கில மொழிக்கு ஓர் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். பிறநாட்டார் ஆங்கிலங் கற்குமிடத்து 'ஷல்', 'வில்' என்னும் இரண்டன் ஆட்சியில் இடர்ப்படுவதைக் கண்டு அவர் ஒரு விதி வகுத்தார். தன்மையிடத்து 'ஷல்' வருமாயின் அது வெறும் எதிர்வுகூறல். 'வில்' வருமாயின் அது வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இம்முறை தலைகீழாகும். ஆண்டு 'வில்' எதிர்வுகூறும், 'ஷல்' வாக்குறுதியோ அச்சுறுத்தலோ ஆகும். பின்வந்த இலக்கண ஆசிரியர் இவ்விதியை விரித்தனர். 1795 இல் லின்ட்லி மரே எழுதிய பாடசாலை இலக்கணம் போன்ற நூல்களின் வழியாக அது பள்ளிகள்தோறும் பரவியது.

இவ்விதி பொருந்தாத் திரிபு போலத் தோன்றினும் அதற்கோர் ஏதுவுண்டு. ஒருவன் தன்மேற் கடனை ஏற்றிக் கூறுங்கால் அதில் ஆணவம் இல்லை. பிறன்மேற் கடனை ஏற்றிக் கூறுங்கால் அது ஆணையாகி விடுகின்றது. அவ்வாறே தன் விருப்பத்தை ஒருவன் கூறுவது உறுதிமொழியாகும். பிறன் விருப்பத்தை அவன் அறிந்து உறுதிகூற இயலாமையின் அது வெறும் எதிர்வுகூறலாகும். இடத்துக்கேற்ப வினையின் குறிப்பு வேறுபடுதல் தமிழ் இலக்கணத்தார்க்கும் உடன்பாடே. ஏவல் முன்னிலைக்கே உரியது. வியங்கோளைத் தொல்காப்பியர் தன்மைக்கும் முன்னிலைக்கும் விலக்கிப் படர்க்கைக்கே உரித்தாக்கினார். பின்வந்த நன்னூலாரோ அது மூவிடத்தும் வரும் என்றார். வழக்கு மாறியவிடத்துத் தமிழ் இலக்கணமும் மாறியது. ஆங்கில இலக்கணத்தாரோ வழக்கை நோக்காது விதியையே நெடுங்காலம் பற்றிநின்றனர்.

அவர் விதியின் பெருமையை விளக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கண நூல்களிலே ஒரு கதை மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. ஆங்கிலம் நன்கறியாத அயலான் ஒருவன் நீரில் வீழ்ந்தான். 'யான் மூழ்கப்போகின்றேன், எவரும் என்னைக் காப்பாற்றமாட்டார்' என்று அலறக் கருதியவன், 'ஷல்' வரவேண்டிய இடத்தில் 'வில்' என்பதையும், 'வில்' வரவேண்டிய இடத்தில் 'ஷல்' என்பதையும் மாற்றிக் கூறிவிட்டான். கரையில் நின்ற ஆங்கிலேயர், 'மூழ்குவதே எனது உறுதி. என்னை எவரும் காப்பாற்றலாகாது' என்று அவன் கூறியதாகக் கொண்டு, அவன் விருப்பத்தை மதித்து வாளா நின்றனராம். அயலான் சில நூல்களில் அயர்லாந்தினன், சிலவற்றில் ஸ்கொத்லாந்தினன், சிலவற்றில் பிரெஞ்சுக்காரன். நகைச்சுவைக்காகப் புனையப்பட்ட இக்கதை ஓர் உண்மையை வெளிப்படுத்திவிடுகின்றது. அயர்லாந்தினரும் ஸ்கொத்லாந்தினரும் அமெரிக்கரும் இவ்விதியின்படி பேசியதில்லை. ஆங்கிலம் பேசுவோரிற் பெரும்பாலார் பின்பற்றாத ஒன்றை ஆங்கிலத்தின் விதி என்றல் எங்ஙனம் பொருந்தும்?

1906 இல் ஃபௌலர் உடன்பிறப்பினர் இருவர் வெளியிட்ட ஆங்கில நடை பற்றிய நூலிலே இவ்விரு சொற்களுக்கும் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. தென் இங்கிலாந்தினர்க்கு இவ்வழக்கு இயற்கையாய் வருமென்றும், ஏனையோர் அதனை முயன்று பெறுதல் மிக அரிதென்றும் அவர் கருதினர். கற்பிக்க வந்த நூலே கற்றல் அரிதென உரைத்தமை வியப்பிற்குரியது. 1925 இல் அமெரிக்க அறிஞர் சார்ள்ஸ் ஃபிரைஸ் வேறொரு வழியை மேற்கொண்டார். விதியை வைத்து வழக்கை அளவாது, பதினாறாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுந்த ஆங்கில நாடகங்களை எடுத்து, அவற்றில் இவ்விரு சொற்களும் வருமிடங்களை எண்ணிப் பார்த்தார். தன்மையிடத்தும் 'வில்' என்பதே பெரும்பான்மையாய் வழங்கியமை அவ்வெண்ணிக்கையாற் புலனாயிற்று. விதி வழக்கின் பதிவாய் இராது, இலக்கணத்தாரின் விருப்பமாகவே பெரிதும் இருந்தது என்பது தெளிவாயிற்று.

இக்காலப் பேச்சு ஆங்கிலத்திலே 'ஷல்' பெரிதும் அருகிவிட்டது. தன்மையிடத்து வினவும் தொடர்களிலே அது இன்னும் உயிரோடு வழங்குகின்றது. 'சன்னலைத் திறக்கட்டுமா?', 'நாம் புறப்படுவோமா?' என்னும் கருத்துகளை ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே வினவுவர். இவ்வினாக்கள் எதிர்காலத்தைப் பற்றியன அல்ல; கேட்போனின் கட்டளையை அல்லது இசைவை வேண்டுவன. செய்யும் கடன் தன்னதாகவும் அதனை விதிக்கும் உரிமை கேட்போனதாகவும் ஈண்டு அமைகின்றன. காலப்பொருள் தேய்ந்தொழிந்த பின்னும் கடன்பொருள் எஞ்சி நிற்றல் நோக்கத்தக்கது. தமிழில் இவ்விடங்களில் 'அட்டுமா' என்பதையும் 'ஓமா' என்னும் ஈற்றையும் இடத்துக்கேற்ப வழங்குதல் வேண்டும். 'திறப்பேனா' என எதிர்காலத்தாற் பெயர்ப்பது பொருளைக் கெடுக்கும்.

பேச்சிலிருந்து நீங்கிய இச்சொல் சட்டநூல்களிலே கோலோச்சுகின்றது. ஆங்கிலச் சட்டவாசகங்களில் அது வருமிடங்களை நான்காக வகுக்கலாம். ஒருவன்மேற் கடமையைச் சுமத்துதல் முதலாவது. 'அலுவலர் பதிவேட்டைப் பேணுதல் வேண்டும்' என்பது போல்வது. ஒன்றை விலக்குதல் இரண்டாவது. ஒரு நிலையைச் சாற்றுதல் மூன்றாவது. 'இச்சட்டம் இன்ன பெயரால் வழங்கும்' என்பது போல்வது. நிபந்தனை கூறுதல் நான்காவது. 'எவரேனும் இதனை மீறுவாராயின்' என்னும் பொருளிலும் பழைய சட்டங்களில் 'ஷல்' வந்துள்ளது. இவற்றுள் முதலாவதே கடன்பொருட்டு. மூன்றாவதில் எவர்க்கும் கடமை இல்லை. சட்டத்துக்குப் பெயர் வழங்குவது எவருடைய பணியுமன்று. இரண்டாவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'எவரும் செய்யக் கடமைப்பட்டவரல்லர்' என்பதற்கும் 'எவரும் செய்யலாகாது' என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதனாலேயே விலக்குதற்கு இசைவுணர்த்தும் 'மே' என்னும் சொல்லை எதிர்மறையாக்கி வழங்குவதே தெளிவானதெனச் சட்டவரைஞர் பலர் கருதுவர். ஒரு வாசகத்தில் 'ஷல்' சரியாக ஆளப்பட்டுள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அவ்விடத்தே 'கடமைப்பட்டுள்ளான்' என்பதை இட்டுப் படித்தல் வேண்டும். பொருள் இயைந்தால் ஆட்சி நேரியது, இயையாவிடின் பிறழ்ந்தது.

இவ்வாறு பல பொருளைச் சுமந்த சொல் நீதிமன்றம் புகுங்கால் நேர்வது யாது? அமெரிக்க உயர் நீதிமன்றம் 1877 இல் தீர்த்த புகையிரதப் பாதை வழக்கொன்றிலே, அரசுக்கு எதிராக ஆளப்படுமிடத்து, மாறான கருத்து வெளிப்பட்டாலன்றி 'ஷல்' என்பது 'செய்யலாம்' எனக் கொள்ளப்படும் என்றது. 1995 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நீதியரசர் கின்ஸ்பேர்க், ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் நீதிமன்றங்கள் பலவும் இச்சொல்லைச் சிற்சில இடங்களில் 'செய்யலாம்' எனப் பொருள்கொண்டுள்ளமையை எடுத்துக்காட்டினார். கட்டாயத்தைக் குறிக்கும் சொல்லே விருப்புரிமையையும் குறிக்குமாயின், அச்சொல்லை நம்பி வாழ்வோரின் நிலை யாதாம்?

இவ்வினாவின் கொடுமை கொலராடோ மாநிலத்துக் காஸில் றொக் நகரத்து வழக்கிலே வெளிப்பட்டது. அந்நகரத்துத் தாயொருத்தி, பிரிந்து வாழ்ந்த கணவனிடமிருந்து தன்னையும் பிள்ளைகளையும் காக்குமாறு நீதிமன்றத் தடைக்கட்டளை பெற்றிருந்தாள். அத்தகைய கட்டளையை நிறைவேற்றத் தக்க வழிகள் அனைத்தையும் பொலிசார் மேற்கொள்ளுமாறும், மீறியவனைக் கைதுசெய்யுமாறும், அஃது இயலாதாயின் பிடியாணை பெறுமாறும் அம்மாநிலச் சட்டம் விதித்திருந்தது. விதித்த சொல் 'ஷல்'. 1999 ஜூன் 22 ஆம் நாள் மாலை, அவன் மூன்று பெண்மக்களையும் கவர்ந்து சென்றான். தாய் அன்றிரவு மீண்டும் மீண்டும் பொலிசாரை நாடினாள், பொறுத்திருக்குமாறே கூறினர். மறுநாள் விடியுமுன் அவன் பொலிசு நிலையத்துக்கு வந்து சுடத்தொடங்கி, அங்கேயே சுடப்பட்டு இறந்தான். அவனது ஊர்தியினுள்ளே மூன்று சிறுமியரும் கொலையுண்டு கிடந்தனர்.

தாய் தொடுத்த வழக்கை 2005 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையாற் புறந்தள்ளியது. கைதுசெய்வது பற்றிப் பொலிசார்க்கு நெடுங்காலமாய் உள்ள விருப்புரிமையை 'ஷல்' என்னும் சொல் ஒன்றே நீக்கிவிடாதென்றும், கட்டளை நிறைவேற்றப்படுவதற்கு அரசியலமைப்பின்வழி அவளுக்கு உரிமை பிறக்கவில்லையென்றும் பெரும்பான்மையோர் கொண்டனர். அவ்விருப்புரிமையை அகற்றுதற்காகவே அத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன என்பது நீதியரசர் ஸ்ரீவன்ஸும் கின்ஸ்பேர்க்கும் கொண்ட மாறுபட்ட கருத்து. 2011 இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணைக்குழு, அத்தாயையும் மக்களையும் காக்கும் கடமையில் அமெரிக்க அரசு தவறியது என முடிவுசெய்தது. கதையில் நீரில் மூழ்கியவனைக் கரையில் நின்றோர் காவாதது நகைப்புக்குரியது, இவ்வழக்கு நகைப்புக்குரியதன்று.

சட்டமியற்றுவோர் சிலர் இச்சொல்லையே துறக்கத் துணிந்தனர். 1996 இல் இயற்றப்பட்ட தென்னாபிரிக்க அரசியலமைப்பு, கடமை கூறுமிடங்களில் 'ஷல்' என்பதை விடுத்துப் பேச்சிலும் வழங்கும் 'மஸ்ட்' என்பதை ஆண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் குடியியல் நடவடிக்கை விதிகள் 2007 இல் எளிய நடையிற் திருத்தப்பட்டபோது 'ஷல்' களையப்பட்டது. ஆயினும் விசாரணையின்றிச் சுருக்கமாகத் தீர்ப்பளிக்கும் 56 ஆம் விதியிலே ஓர் இடர் தோன்றிற்று. அவ்விதியில் 'ஷல்' இருந்த இடத்தில் அறிவுரைப் பொருள் தரும் 'ஷுட்' இடப்பட்டது, அது மென்மையாயிற்று. 'மஸ்ட்' இடுவதோ வன்மையாகிவிடும் என அஞ்சினர். ஈற்றில் 2010 இல் 'ஷல்' என்பதையே அவ்விடத்தில் மீள அமைத்தனர். மயக்கமுடைய சொல் எனத் துரத்தப்பட்டது, அம்மயக்கத்தின் பொருட்டே மீள அழைக்கப்பட்டது எனலாம்.

'ஷுட்' என்பது 'ஷல்' என்பதன் இறந்தகால வடிவமாய்ப் பிறந்தது. தாயும் மகவும் போன்ற இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு, 2015 டிசம்பர் 12 ஆம் நாள் பாரிஸ் நகரின் அயலே கூடிய காலநிலை மாநாட்டிலே உலகறிய வெளிப்பட்டது. உடன்படிக்கையின் இறுதி வரைவு, 4 ஆம் உறுப்புரையின் 4 ஆம் பந்தியிலே, வளர்ந்த நாடுகள் தம் முழுப் பொருளாதாரத்தையும் தழுவிய மாசு குறைப்பு இலக்குகளை மேற்கொண்டு முன்னிற்றல் பற்றிக் கூறுமிடத்து 'ஷல்' என்றிருந்தது. அமெரிக்கத் தூதுக்குழு அதனைக் கண்டு ஏற்க மறுத்தது. 'ஷல்' நின்றால் அது சட்டக் கடப்பாடாகும்; சட்டக் கடப்பாடாயின் அமெரிக்க மூதவையின் இசைவு வேண்டப்படும்; அவ்விசைவு கிடைத்தற்கு வழியில்லை. நிறைவுக் கூட்டம் தாமதமாயிற்று. பின்னர், எழுத்துப் பிழைகளின் திருத்தங்களாகச் சில வாசிக்கப்பட்டபோது, அவற்றோடு 'ஷல்' என்பது 'ஷுட்' எனத் திருத்தப்பட்டது. அதன் பின்னரே உடன்படிக்கை ஏற்கப்பட்டது. கடனாய் இருந்தது அறிவுரையாய் மாறிற்று. அம்மாற்றமின்றேல் உடன்படிக்கையே இல்லை.

இனி, இச்சொல்லைத் தமிழாக்குவார்க்குள்ள இடர்ப்பாடு கருதத்தக்கது. இலங்கைச் சட்டத் தமிழிலே 'ஷல்' என்பதற்கு ஈடாகத் 'தல் வேண்டும்' என்னும் வாய்பாடு நிலைபெற்றுள்ளது. கடமை கூறுமிடத்தில் அது மிகப் பொருந்தும். ஒரு நிலையைச் சாற்றுமிடத்திலோ அது வேறொரு குறிப்பைத் தந்துவிடுகின்றது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையும், 1987 இல் செய்யப்பட்ட 13 ஆம் திருத்தத்தால் அதன்கண் தமிழ்மொழி பற்றிச் சேர்க்கப்பட்ட கூற்றும் ஆங்கிலத்தில் 'ஷல்' பெற்று வருவன. ஆங்கில வாசகத்தைச் சட்ட மரபறிந்து படிப்போன், ஒரு நிலை அக்கணமே சாற்றப்பட்டதெனக் கொள்வான். இத்தகைய கூற்றை 'ஆதல் வேண்டும்' எனத் தமிழிற் படிப்போனுக்கோ, அது இனிமேல் எய்தப்படவேண்டிய ஒன்று போலத் தோன்றுதல் கூடும். 'வேண்டும்' என்பது விரும்புதலையும் இரத்தலையும் குறிக்கும் வினையடியாகப் பிறந்த சொல்லாதலின், கடனிற் பிறந்த 'ஷல்' எங்கணும் அதற்குள் அடங்குமாறில்லை. ஆதலின் கடமைக்கு 'வேண்டும்' என்பதும், விலக்குக்கு 'ஆகாது' என்பதும், சாற்றுதலுக்கு 'ஆகும்' என்பதும் எனப் பொருள் நோக்கிப் பெயர்த்தலே தக்கது. சொல்லுக்குச் சொல் வைப்பது மொழிபெயர்ப்பாகாது.

ஒரு சிறு துணைவினையின் வரலாறு இத்துணை. கடனைக் குறித்துப் பிறந்தது; காலத்தைக் குறிக்க இரவல் தரப்பட்டது; இலக்கணத்தாரின் விதிகளாற் கட்டுண்டது; பேச்சாற் கைவிடப்பட்டது; சட்டத்திலும் உடன்படிக்கையிலும் பழைய கடன்பொருளோடு நிலைத்து நிற்கின்றது. ஆங்கிலம் பயிலும் மாணாக்கன் இச்சொல்லைக் காணுந்தோறும், 'இஃது எக்காலம்?' என்று வினவுவதற்கு முன், 'இக்கடன் யாருடையது? யாருக்கு இறுக்கவேண்டியது? இறுக்காவிடின் கேட்பவர் யார்?' என்று வினவக் கற்றல் நன்று. இம்மூன்று வினாக்களுக்கும் விடையிருக்குமிடத்து அச்சொல் சட்டமாகின்றது. விடையில்லாவிடத்து அது வெற்றொலியாகின்றது.